முழுத்தோல் ஜோஸ்பின்

தாராவி டி ஜங்ஷனுக்குப் பின்னால், தோல் பை தைக்கிற கடைகளைத் தாண்டிப் போனால் நீலத் தகரம் அடித்த ஒரு ஷெட் வரும். உள்ளே நுழைகிற யாரும் முதலில் காரைப் பார்ப்பதில்லை, சுவரைத்தான் பார்ப்பார்கள். சுவர் முழுக்க வரிசையாக ஆணி. ஆணிக்கு நாலைந்தாகத் தொங்கிக்கொண்டிருப்பவை, கார் பானட்டுகளிலிருந்து உரித்தெடுத்த ரப்பர் தோல்கள். கறுப்பு, சாம்பல், கருநீலம், நடுவில் கண்ணைப் பறிக்கிற கிளிப்பச்சை ஒன்று. மொத்தம் அறுபத்து மூன்று. ஒன்றில்கூட விரல் நீளத்துக்குக் கிழிசல் கிடையாது.

அந்தச் சுவருக்குச் சொந்தக்காரி ஜோஸ்பின். வயது நாற்பத்தேழு. கழுத்துவரை பொத்தான் போட்ட காக்கிச் சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய துணி, மூக்கில் முகமூடி. முகமூடியைக் கழற்றினால் அடுத்த நொடி வாய் பேச ஆரம்பித்துவிடும். ரப்பர் பெயிண்ட் என்றால் என்னவென்று தெரியாமல் வருகிறவர்களுக்கு அவளே விளக்குவாள். காரின் மேல் பீய்ச்சி அடித்தால் காய்ந்து ரப்பர் சவ்வாக நிற்கும். பளபளக்கிற க்ரோம் பட்டையைக் கறுப்பாக்கலாம், வெள்ளை பானட்டைச் சாம்பலாக்கலாம். அலுத்துப் போனால் உரித்துப் போட்டுவிடலாம், அடியில் கம்பெனி கொடுத்த நிறம் அப்படியே இருக்கும். இவ்வளவையும் கேட்டுவிட்டு, வந்தவர் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார். "நல்லா ஒட்டுமா?"

அந்தக் கேள்வி ஜோஸ்பினுக்கு ஆகவே ஆகாது.

"ஒட்டுறதுக்கு என்ன, சூயிங்கம் கூடத்தான் ஒட்டும். நாளைக்கு வேண்டாம்னு தோணுனா வருமான்னு கேளுங்க. முழுசா வருமான்னு கேளுங்க. அந்தா சுவரைப் பாருங்க, பாத்துட்டுப் பேசுங்க."

இப்படி நாளுக்கு நாலு தடவை சொல்லிச் சொல்லியே அவளுக்கு அந்தத் தெருவில் முழுத்தோல் ஜோஸ்பின் என்று பெயராகிவிட்டது. கேலியாக வைத்த பெயர்தான். அவள் அதைப் பட்டம் மாதிரி வாங்கி வைத்துக்கொண்டாள்.

ராதாபுரம் பக்கத்துப் பெண் அவள். இருபது வயதில் டெம்போ டிரைவர் வேதமுத்துவைக் கட்டிக்கொண்டு தாராவிக்கு வந்தாள். வந்த மூன்றாம் மாதமே முகைதீன் பாயின் தோல் பட்டறையில் ஈரத்தோலை விரித்துக் கட்டுகிற வேலைக்குப் போனாள். தோலுக்கு நிறம் அடிக்கிற ஆள் ஒரு பெருநாளுக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவே இல்லை. ஆர்டர் தலைக்கு மேல் நின்றது. யார் அடிப்பது என்று பாய் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, ஜோஸ்பின் போய் ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுத்தாள். அப்புறம் பதினான்கு வருஷம் அதைக் கீழே வைக்கவில்லை. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, கையை எந்த இடத்தில் திருப்ப வேண்டும், எங்கே நிறம் தேங்கும், எல்லாம் அங்கே படிந்தது. இன்னொன்றும் படிந்தது. உரிக்கும்போது கத்தி பட்ட தோலுக்கு ஒரு விலை, கத்தி படாத முழுத்தோலுக்கு ஒரு விலை. கீறல் விழுந்த தோலைப் பாய் தூக்கிப் போடுகிற சத்தத்தை வைத்தே அதன் தரத்தை அவள் சொல்லிவிடுவாள்.

அந்தப் பாய்தான் ஒரு நாள் நாலு டப்பா ரப்பர் பெயிண்டோடு வந்தார். தன் பழைய காரின் முன்பக்க க்ரோம் கிரில்லைக் கறுப்பாக்க வேண்டும் என்றார். ஜோஸ்பின் அடித்தாள். தோலுக்கு அடிக்கிற பழக்கத்தில், பூ மாதிரி மெல்லிசாக அடித்தாள். தோலில் நிறம் கனமாக விழுந்தால் வெடித்துவிடும். மெல்லிசாக அடிப்பதுதான் அங்கே கெட்டிக்காரத்தனம். கிரில் பார்க்க அழகாக இருந்தது, பாய் மெச்சிவிட்டுப் போனார். இரண்டு மாதம் கழித்து மகள் கல்யாணத்துக்குப் பழையபடி க்ரோம் பளபளக்க வேண்டும் என்று வந்து நின்றார். உரித்தால் வந்ததா? பொடிப்பொடியாக, வெயிலில் காய்ந்த முதுகுத்தோல் மாதிரி நுனி நுனியாக வந்தது. இரண்டு நாள் நகத்தால் நோண்டி எடுத்தாள். நகக்கண்ணில் ரத்தம் வந்தது. பாய் பேசிய கூலியைக் குறைக்காமல் எண்ணிக் கையில் வைத்துவிட்டுப் போனார். அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

வேறு யாராவது இருந்தால் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார்கள். ஜோஸ்பின் நேரே குர்லா பழைய இரும்புக் கடைக்குப் போய், நசுங்கிய பானட் ஒன்றை வாங்கி வேதமுத்துவின் டெம்போவில் போட்டுக்கொண்டு வந்தாள். மூன்று மாதம் அதே பானட்டில் அடித்தாள், உரித்தாள், மறுபடி அடித்தாள். முதல் கோட், அதாவது முதல் பூச்சு, தூவானம் மாதிரி விழ வேண்டும், அடியில் பழைய நிறம் தெரிய வேண்டும். அது தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வந்த பிறகு இரண்டாவது. அப்படி ஆறு, ஏழு கோட். ஓரங்களில் இன்னும் ஒன்று கூட. கடைசிக் கோட் ஈரமாக இருக்கும்போதே ஓரத்தில் எல்லை கட்டி ஒட்டிய டேப்பை இழுத்துவிட வேண்டும், காய விட்டால் டேப்போடு தோலும் கிழியும். மழைக்காலத்து ஈரக்காற்றில் அடித்தால் கறுப்பு வெளுத்து நரைக்கும். பெட்ரோல் சிந்தினால் கரையும். எல்லாவற்றையும் விடப் பெரிய சத்துரு எண்ணெய். விரலில் இருக்கிற பிசுக்குப் பட்டாலே போதும், அந்த இடத்தில் ரப்பர் பிடிக்காது. ஸ்பிரிட் போட்டு மூன்று தடவை துடைத்த பிறகுதான் கன்னையே தொடுவாள். பாய் பட்டறையை விட்டு இந்த ஷெட்டைப் போட்ட நாளிலிருந்து உள்ளே எண்ணெய்ப் பலகாரம் வரக்கூடாது. டெம்போ சவாரியை விட்டுவிட்டு அவளுக்குத் துணையாக வந்துவிட்ட வேதமுத்து தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கிற ஆள். அவருக்கு ஷெட்டுக்குள் எந்நேரமும் தொப்பி.

வேதமுத்து வாய் பேசாத மனிதர். வண்டியைக் கொண்டுவருவது, கொண்டுபோய் விடுவது, டப்பா வாங்குவது, கம்ப்ரசரைத் தூக்கி வைப்பது அவர் பாடு. புதன்கிழமை மாஹிம் மாதா கோயிலில் நடக்கிற நோவினா ஜெபத்துக்குத் தவறாமல் போவார். அவள் சத்தம் போட்டால் தொப்பியைச் சரிசெய்துகொள்வார்.

ஜோஸ்பினுடைய கர்வத்தின் உச்சி எது என்றால், உரிக்க ஆரம்பிக்கிற அந்த ஒரு நொடி. மற்ற கடைக்காரர்கள் ஓரத்தைக் கிளப்ப பிளேடு வைப்பார்கள். கொஞ்சம் கை வழுக்கினால் அடியில் இருக்கிற பெயிண்டில் கோடு விழும். ஜோஸ்பின் பிளேடே வைக்க மாட்டாள். பானட்டின் இடது மூலை, கண்ணாடி துடைக்கிற வைப்பருக்குக் கீழே மறைந்திருக்கும் இடம், அங்கே ஆள்காட்டி விரல் நகத்தை வைத்து ஒரு சுண்டு சுண்டுவாள். நனைந்த தபால்தலை மாதிரி மூலை எழுந்து நிற்கும். அதைப் பிடித்து இழுத்தால் முழுத்தோலும் வந்துவிடும். பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

"எப்படி?" என்று கேட்டால் விரலைத் தூக்கிக் காட்டுவாள். "எல்லாம் இதுலதான் இருக்கு."

ஏழு வருஷமாக அந்த விரலைத்தான் அவள் நம்பியிருந்தாள்.

ஒரே ஒரு குறைதான். ஏழு வருஷத்தில் ஒரு முழு வண்டியை யாரும் அவளிடம் கொடுத்ததில்லை. பானட், கிரில், பக்கக் கண்ணாடி மூடி, சக்கரம், இவ்வளவுதான் வரும். கதவு, கூரை, டிக்கி எல்லாம் சேர்த்து முழு உடம்பையும் அடிக்க வேண்டும், அதை அப்படியே உரித்துக் காட்ட வேண்டும் என்று அவளுக்கு ஆசை என்றால் கொஞ்ச நஞ்ச ஆசை இல்லை. ரோட்டில் போகிற வண்டிகளைப் பார்த்தால் இந்தக் கதவை எந்தப் பக்கமிருந்து ஆரம்பிக்கலாம் என்றுதான் கை யோசிக்கும். ஆனால் முழு வண்டி என்றவுடன் ஆட்கள் காட்கோபரில் கண்ணாடி முகப்பு வைத்த பெரிய கடைகளுக்கு, ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்களிடம் போய்விடுவார்கள். தகர ஷெட்டை நம்பி யார் முழு வண்டியை விடுவார்கள்?

அந்த நேரத்தில்தான் செம்பூர் சாதனா வந்தார். படப்பிடிப்புகளுக்குக் கார் வாடகைக்கு விடுகிற பெண்மணி. திலக் நகரில் பெரிய யார்டு. சுவரில் இருந்த தோல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"எங்கிட்ட பன்னெண்டு வண்டி இருக்கு ஜோஸ்பின், எல்லாம் ஒய்ட். ஒரு சீரியலுக்கு ரெண்டு மாசம் மேட் பிளாக்ல வேணும்ங்கறா. ஸ்டுடியோ காம்பவுண்டுக்குள்ளதான் ஓடும். ஆனா வெளியில வர்றச்சே ஒய்ட்டாதான் இருக்கணும், ஆர்.சி. புக்ல அப்படித்தானே இருக்கு. போன தடவை ஒருத்தன் பிளேடு வெச்சுக் கீறிட்டான், தின்னரை ஊத்தி இருந்த ஷைனையும் எடுத்துட்டான். எனக்கு பயமா இருக்கு."

பன்னிரண்டு முழு வண்டி! ஜோஸ்பினுக்குக் காது அடைத்தது. அந்தச் சமயத்தில் கொஞ்சம் அடக்கமாகப் பேசியிருக்கலாம். பேசினால் அவள் ஜோஸ்பின் இல்லையே.

"என் வேலைக்கு பிளேடும் வேண்டாம் தின்னரும் வேண்டாம், மேடம். ஒரு வண்டிக்கு பானட் மட்டும் அடிச்சித் தாரேன். பதினஞ்சு நாள் வெயில்லயும் மழையிலயும் ஓட்டுங்க. பொறவு உங்க கண்ணு முன்னால, வெறும் விரலால உரிக்கேன். ஒரு இடத்துல கிழிஞ்சாலும் சரி, உங்க பெயிண்டுல ஒரு கோடு விழுந்தாலும் சரி, பன்னெண்டு வண்டியையும் காட்கோபர்க்காரனுக்கே குடுத்துருங்க. நான் இந்தச் சுவரையும் அவுத்துருதேன்."

"ஏட்டி, வாயைக் கொஞ்சம் அடக்கு" என்று வேதமுத்து பின்னாலிருந்து முணுமுணுத்தார். அதற்குள் சாதனா சிரித்துக்கொண்டே சம்மதம் சொல்லிவிட்டார். சுவரை அவிழ்த்துவிடுகிறேன் என்று சொல்லச் சொல்லி யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளாகச் சொன்னதுதான்.

அடிக்கிற வேலை திலக் நகர் யார்டிலேயே நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. யார்டைப் பார்த்துக்கொள்கிற நம்பிராஜன் கறாரான ஆசாமி. காட்கோபர் கடைக்காரர்களோடு அவருக்கு நல்ல பழக்கம், அதை அவர் மறைக்கவும் இல்லை. தூசி வரும் என்று சொல்லி, கதவடைத்த அறைக்குள் ஓர் ஆளுக்கு மேல் விடமாட்டேன் என்றுவிட்டார். வேதமுத்து கம்ப்ரசரை இறக்கி வைத்துவிட்டு வெளியே நின்றார். ஜோஸ்பின் ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்துத் துடைக்க ஆரம்பித்ததும் போன் அடித்தது. வெளியே நின்ற வேதமுத்துதான்.

"ஏட்டி, ஒரே நிமிஷம் உள்ள வந்துட்டுப் போயிருதேன். அவருகிட்ட சொல்லேன்."

"எதுக்கு?"

"சும்மாதான். வண்டியைப் பாக்கணும்."

"பாக்கதுக்கு இது என்ன பொண்ணா? டீயைக் குடிச்சிட்டு அங்கனயே நில்லுங்க."

பத்து நிமிஷம் கழித்து மறுபடி போன். அவள் எடுக்கவே இல்லை. ஏழு கோட் அடித்தாள். கை அன்றைக்கு அவள் சொன்னதைக் கேட்டது. டேப்பை இழுத்ததும் கோடு போட்ட மாதிரி ஓரம் நின்றது. மழை ஓய்ந்த அக்டோபர் மாதம், காற்றில் ஈரம் குறைவு, கறுப்பு கருங்கல் மாதிரி படிந்திருந்தது. வெளியே வந்தால் வேதமுத்து முகம் செத்துக் கிடந்தது.

"என்ன, யாராவது வஞ்சிட்டாங்களா?"

"ஒண்ணுமில்ல" என்றார்.

அந்தப் பதினைந்து நாளும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டு புதன்கிழமையும் மாஹிமில் வழக்கத்தை விட அதிக நேரம் இருந்துவிட்டு வந்தார். "எனக்காக ஜெவிக்கியளா, பானட்டுக்காக ஜெவிக்கியளா?" என்று ஜோஸ்பின் சீண்டினாள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

பதினாறாம் நாள் காலை பத்து மணி. யார்டின் நடுவில் வண்டி நின்றது. சாதனா வந்திருந்தார், நம்பிராஜன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், டிரைவர்கள் ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். இந்த முறை வேதமுத்துவையும் உள்ளே விட்டிருந்தார்கள். ஜோஸ்பின் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இடது மூலைக்குப் போனாள். வைப்பரைத் தூக்கினாள். ஆள்காட்டி விரலை வைத்துச் சுண்டினாள்.

மூலை அசையவில்லை.

மறுபடி சுண்டினாள். நகம் வழுக்கியது. மூன்றாவது தடவை நகம் மடங்கி வலி சுரீர் என்று தலைக்கு ஏறியது. ரப்பர் இரும்போடு இரும்பாகப் பிடித்துக்கொண்டிருந்தது.  பானட்டைத் தொட்டுப் பார்த்தாள், சூடு அதிகமில்லை. அடித்ததில் என்ன தப்பு? எதிலும் தப்பில்லை. இதைப்போல ஒட்டி அவள் பார்த்ததே இல்லை.

"பிளேடு ஒண்ணு கொண்டு வரச் சொல்லட்டுமா?" என்றார் நம்பிராஜன்.

டிரைவர்களில் ஒருவன் சிரித்தான். சாதனா சிரிக்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார். அதற்கு அவரும் சிரித்தே இருக்கலாம்.

அப்போது வேதமுத்து அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி வந்தது.

"ஏட்டி, அந்த மூலையில வராது."

"ஏன் வராது?"

"இந்த வண்டியில நான் தொடல்ல. அன்னைக்கு என்னைய உள்ள விடலையே."

அவர் சட்டைப் பையிலிருந்து கட்டைவிரல் அளவு கண்ணாடிக் குப்பி ஒன்றை எடுத்துக் காட்டினார். ஊர்ப் பக்கத்து உவரி அந்தோணியார் கோயிலில் மந்திரித்த எண்ணெய். அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. முதல் வண்டியிலிருந்து, அவள் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து முடித்து, கன்னில் பெயிண்டை ஊற்றத் திரும்புகிற அந்த நேரத்தில், இந்த மனிதர் போய் இடது மூலையில் விரல் நுனியால் ஒரு சிலுவை போட்டு வந்திருக்கிறார். வண்டியில் போகிறவர்களுக்கு ஒன்றும் ஆகக்கூடாது, அவள் வேலையும் நல்லபடி முடிய வேண்டும். அவ்வளவுதான் அவர் நினைத்தது. எண்ணெய் பட்ட இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை. ஏழு வருஷமாக அந்த மூலை அவளுக்காகத் திறந்தே கிடந்திருக்கிறது. அவள் விரலைத் தூக்கித் தூக்கிக் காட்டியிருக்கிறாள்.

எண்ணெயே ஆகாது என்று அவள் தொப்பி போட வைத்த மனிதர்! ஜோஸ்பினுக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் குப்பியைப் பிடுங்கி எறிந்திருப்பாள். ஆத்திரத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது, அது அவமானம். தன்னுடையது என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தது தன்னுடையது இல்லை. அறுபத்து மூன்றும் இல்லை. கண்ணில் நீர் முட்டியது. இத்தனை பேர் முன்னால் அதை விழ விடுவதாவது! முகத்தைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

"ஜோஸ்பின், ஆர் யூ ஆல்ரைட்? வேணும்னா இன்னொரு நாள்..." என்று சாதனா ஆரம்பித்தார்.

"இன்னொரு நாள் எல்லாம் வேண்டாம் மேடம். அஞ்சு நிமிஷம் சும்மா இருங்க, எல்லாரும்."

வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். இப்போது கையிடம் கேட்டுப் பயனில்லை, வேலையிடம்தான் கேட்க வேண்டும். எங்கே கனமாக விழுந்திருக்கும்? பானட்டின் முன் உதடு, கிரில்லுக்கு மேலே மடங்குகிற இடம். ஒவ்வொரு கோட்டிலும் கையைத் திருப்புகிற இடம் அதுதான். அங்கே தோல் கனம், மடிப்பின் அடியில் ஓரமும் இருக்கிறது. மண்டியிட்டு உட்கார்ந்தாள். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பெருவிரல் சதையை ஓரத்தின் மேல் வைத்து அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தாள். நகம் படாமல், சதையால் மட்டும். குளிக்கும்போது தேய்த்தால் அழுக்குத் திரளுமே, அப்படித் திரளுகிறதா என்று பார்த்தாள். திரளவில்லை. தேய்த்தாள். விரல் சூடாகி எரிந்தது. தேய்த்தாள். யார்டுக்கு வெளியே ஹார்பர் லைன் ரயில் ஒன்று போனது, இன்னொன்று வந்தது. நம்பிராஜன் ஏதோ சொல்ல வாயெடுத்தார், சாதனா கையைக் காட்டி நிறுத்தினார். பெருவிரல் சதை கன்றிச் சிவந்து, தோல் உரிந்து எரிச்சலெடுத்த நேரத்தில், ஓரத்தில் நூல் அளவுக்கு ஒரு சுருள் எழுந்தது.

அவள் அதை விடவில்லை. சுருளை இன்னும் உருட்டினாள். அரை விரல் கிளம்பியது, ஒரு விரல் கிளம்பியது, இரண்டு விரலால் பிடிக்க இடம் கிடைத்தது. இனி அவசரப்பட்டால் போச்சு. மேலே தூக்காமல், பானட்டை ஒட்டினாற்போலவே பின்னால் மடித்து மடித்து இழுத்தாள். சர்ரென்று ஒரு மெல்லிய சத்தம். அடியில் வெள்ளை தெரிந்தது. அகலம் கூடக்கூட ஒரு ஆள் கை போதவில்லை.

"அந்த முனையைப் பிடிங்க" என்றாள், முகத்தைத் திருப்பாமல். வேதமுத்து ஓடி வந்து பிடித்தார். துவைத்த போர்வையை மடிக்கிற மாதிரி இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஒரே வேகத்தில் கண்ணாடியை நோக்கி நடந்தார்கள். கடைசியில் அந்த இடது மூலை மட்டும் விடாமல் நின்றது. ஜோஸ்பின் அதற்கு மட்டும் தனியாக ஒரு இழுப்பு கொடுத்தாள். வந்தது. அறுபத்து நாலாவது தோல், பானட் அளவுக்கு, கிழிசல் இல்லாமல் அவர்கள் கையில் தொங்கியது.

டிரைவர்கள் கை தட்டினார்கள். சிரித்தவன்தான் அதிகமாகத் தட்டினான். சாதனா குனிந்து பானட்டை மூலைக்கு மூலை தடவிப் பார்த்தார், போன் விளக்கை அடித்துச் சாய்த்துப் பார்த்தார். கோடு இல்லை, கறை இல்லை.

"நம்பி, காட்கோபருக்கு போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடுங்கோ" என்றார். பிறகு ஜோஸ்பின் பக்கம் திரும்பி, "அடுத்த வாரம் முதல் வண்டி உங்க ஷெட்டுக்கு வரும். முழு பாடி" என்றார்.

முழு பாடி. ஜோஸ்பினுக்கு அந்த நிமிஷம் நெஞ்சு விம்மியது நிஜம். ஏழு வருஷம் கேட்க ஏங்கிய சொல். கர்வமாகவே தலையை ஆட்டி வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வருகிற வழி முழுக்க டெம்போவில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். வேதமுத்து வண்டியை ஓட்டிக்கொண்டே மூன்று முறை கனைத்துப் பார்த்தார். ஷெட்டைத் திறந்ததும் அவள் ஸ்டூலைப் போட்டு ஏறி, ஆணிகளிலிருந்து தோல்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தாள். சுவரை அவிழ்த்துவிடுவேன் என்று சொன்னாளே, அதைத்தான் செய்கிறாளோ என்று அவர் பயந்துபோய்க் கதவோரம் நின்றார்.

அவள் தோல்களைத் தரையில் கவிழ்த்துப் போட்டாள். காரோடு ஒட்டியிருந்த உள்பக்கம் மேலே வந்தது. கண்ணாடி மாதிரி வழவழப்பான பக்கம். இத்தனை வருஷம் வெளிப்பக்கத்தையே காட்டித் தொங்கவிட்டிருந்தாள். உள்பக்க மூலையில் ஒரு மங்கல் தெரியும், அது தன் விரல் பிடித்த தடம் என்று விட்டுவிட்டாள். இப்போது குனிந்து பார்த்தாள். விரல் தடமில்லை. பொரிந்து மங்கிய ஒரு சின்னச் சிலுவை. அடுத்ததில் ஒன்று. அடுத்ததில் ஒன்று. சில நேராக இருந்தன. சில கோணலாக, அவள் திரும்பிவிடப் போகிறாளே என்ற அவசரத்தில் போட்டவை. கிளிப்பச்சைத் தோலில் மட்டும் இரண்டு சிலுவை இருந்தது.

"இதுல ஏன் ரெண்டு?" என்று கேட்டாள்.

"அன்னைக்கு உனக்கு நூத்தி ரெண்டு காய்ச்சல். நான் வேண்டாம்னு சொல்லச் சொல்ல கேக்காம அடிச்சே. ஒண்ணு வண்டிக்கு. ஒண்ணு உனக்கு."

ஜோஸ்பின் அந்தத் தோலை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். காலையில் கட்டுப்படுத்தி வைத்திருந்ததும் சேர்ந்து வந்தது. இந்த மனிதருக்கு வாயே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாளே, அறுபத்து மூன்று தோலில் அறுபத்து நாலு தடவை பேசியிருக்கிறார். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். பழைய தோல்களை எல்லாம் உள்பக்கம் தெரியும்படி திருப்பி மாட்டினாள். இன்றைய தோலை நடுவில், தனி ஆணியில் மாட்டினாள். அதன் மூலையில் ஒன்றுமில்லை, துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"இது என்னுது" என்றாள் அதைக் காட்டி. பிறகு மற்றவற்றைப் பார்த்துக் கையை வீசினாள். "அதெல்லாம் நம்மளுது."

வேதமுத்து தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். 

அடுத்த திங்கட்கிழமை முதல் வண்டி வந்தது. வெள்ளை வெளேரென்று முழு வண்டி, ஷெட்டையே அடைத்துக்கொண்டு நின்றது. ஜோஸ்பின் காலையிலிருந்து துடைத்தாள். பானட், கூரை, நாலு கதவு, டிக்கி, எல்லாவற்றையும் மூன்று தடவை. பெருவிரலில் இன்னும் பிளாஸ்திரி இருந்தது. துடைத்து முடித்ததும் ஸ்பிரிட் துணியைத் தூர வைத்துவிட்டுக் குரல் கொடுத்தாள்.

"ஏங்க, வாங்க. ஒவ்வொண்ணுலயும் அந்த இடது மூலை. சின்னதா, ஒரு சொட்டுதான். வழிய விட்டிய, கையை ஒடிச்சிருவேன்."

வேதமுத்து குப்பியை எடுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடியில் கொஞ்சம்தான் இருந்தது. வண்டியைச் சுற்றி ஒவ்வொரு பாகமாக எண்ணினார், மனசுக்குள் பன்னிரண்டால் பெருக்கினார். முகம் சின்னதாகிவிட்டது.

"ஏட்டி, இது பத்தாதே. உவரி கோடை விழாவுக்குப் போனாத்தான் இனி கெடைக்கும்."

ஜோஸ்பின் முகமூடியை மேலே இழுத்துக்கொண்டு கன்னைக் கையில் எடுத்தாள்.

"தீந்தா தீரட்டும். அதுக்குப் பொறவு என் பெருவிரலு இருக்கு. நீங்க மொதல்ல இந்த மூலையைத் தொடுங்க."